சோபா என்ன நிறம்

லிங்கராஜபுரத்தில் குளோரியா வீட்டு சோபா காபி நிறம். அதில் யாருக்கும் எந்தக் காலத்திலும் சந்தேகம் வந்ததில்லை. ரிச்சர்ட்ஸ் டவுனில் ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பியபோது வீட்டுச் சாமான்களையெல்லாம் வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். குளோரியாவின் கணவர் யூஜின் அங்கே போய் அதை வாங்கி, டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்தார். தேக்குக் கைகள், வளைந்த கால்கள், மூன்று பேர் தாராளமாக உட்காரும் அகலம். இருக்கைத் துணியைச் சட்டத்தோடு சேர்த்து ஆணி அடித்திருந்தார்கள். கழற்றித் துவைக்கவும் முடியாது, திருப்பிப் போடவும் முடியாது. குளோரியா அவ்வப்போது துடைப்பத்தைத் திருப்பிப் பிடித்து நாலு தட்டு தட்டுவாள். கிறிஸ்துமஸ் வந்தால் தேக்குக் கைகளில் தேங்காயெண்ணெய் தொட்டுத் தேய்ப்பாள். சோபாவுக்கு நடந்த உபசாரம் அவ்வளவுதான்.

தொண்ணூற்றாறாம் வருஷம் ஜூன் மாதத்தில், தூறல் விழுந்துகொண்டிருந்த ஒரு காலை, டை கட்டிய ஓர் இளைஞன் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றான். கையில் பெரிய பெட்டி. தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"மேடம், என் பேரு ரவிக்குமார். தொம்மலூர்லேர்ந்து வரேன். வாக்குவம் கிளீனர் டெமோ. வாங்க வேணாம், சும்மா பாத்தா போதும்."

"வாங்க மாட்டேன்னு இப்பவே சொல்லிட்டேன். அப்புறம் மூஞ்சிய தொங்கப் போடக் கூடாது," என்றாள் குளோரியா. மழையில் நிற்கும் பிள்ளையைத் துரத்த மனமில்லாமல் உள்ளே விட்டாள்.

ரவிக்குமார் பெட்டியைத் திறந்தான். குழாய், பிரஷ், நுரை வரும் ஒரு புட்டி என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். சோபாவின் நடு இருக்கையில், தாம்பாளம் அளவுக்கு ஒரு சதுரத்தில் நுரையை அடித்து, பிரஷ்ஷால் ஒரே திசையில் இழுத்தான். பிறகு மிஷினைப் போட்டான். வீடே அதிர்ந்தது. நுரையை மிஷின் உறிஞ்சி முடித்ததும் அவன் குழாயை எடுத்தான். குளோரியா வாயில் கை வைத்துக்கொண்டாள்.

அந்தச் சதுரம் பச்சையாக இருந்தது. இளம் பச்சை, அதில் பொடிப்பொடியாக மஞ்சள் பூக்கள்.

"இன்னா தம்பி கலரு அடிச்சிட்ட?"

"நான் எதுவும் அடிக்கல மேடம். இதுதான் உங்க சோபா."

குளோரியா குனிந்து பார்த்தாள், விரலால் தடவினாள், ஜன்னலைத் திறந்து வெளிச்சத்திலும் பார்த்தாள். பூக்கள் அங்கேயே இருந்தன. இத்தனை வருஷமாகத் தன் வீட்டுக் கூடத்தில் ஒரு தோட்டம் புதைந்து கிடந்திருக்கிறது என்று தெரிந்ததும் அவளுக்குச் சந்தோஷம் வந்தது. அந்தத் தோட்டத்தைப் புதைத்தது யார் என்று யோசித்தவுடன் வெட்கமும் வந்தது. மிஷின் விலையைக் கேட்டாள். அவன் சொன்னான். அவள் கதவைக் காட்டினாள். ரவிக்குமார் மூஞ்சியைத் தொங்கப் போடாமல் ஒரு கார்டை மட்டும் வைத்துவிட்டு, பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டான்.

சதுரம் மட்டும் போகவில்லை.

யூஜின் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். முதல் ஷிஃப்ட் முடிந்து வந்தால் கை கால் கழுவி, லுங்கி மாற்றி, சோபாவில் ஜன்னல் பக்கத்து ஓரத்தில் உட்காருவார். அந்த ஓரம் அவருடையது. அவர் உடம்புக்கு ஏற்றபடி அங்கே ஒரு பள்ளமே விழுந்திருந்தது. அன்றைக்கும் வந்து உட்கார்ந்தார், டீயை வாங்கினார், பக்கத்தில் பார்த்தார்.

"இன்னா கொட்டின குளோரி?"

"எதுவும் கொட்டலங்க. சுத்தம் பண்ணாங்க. அதுதான் ஒரிஜினல் கலராம்."

"ஒரிஜினலா? நான் வாங்கும்போதே பிரவுன். டெம்போ டிரைவரைக் கூட கேளு."

"டெம்போ டிரைவர எங்க போய் தேடுறது இப்ப?"

"பிளீச்சிங் பவுடர் போட்டுட்டு என்கிட்ட கதை சொல்லாத."

அன்று சாயங்காலம் வந்தவர்கள் எல்லோரும் அதையேதான் கேட்டார்கள். பால்காரர் வாசலில் நின்றபடியே கன்னடத்தில், "ஏனம்மா அது, கறை?" என்றார். மாடியில் குடியிருந்த ரூபினி, "அய்யோ ஆன்ட்டி, ஆசிட் பட்டுச்சா?" என்றாள். சோபா முழுக்க அழுக்காக இருந்த வரை ஒருவர்கூட வாய் திறந்ததில்லை. ஓர் இடம் சுத்தமானதும் ஊரே துக்கம் விசாரிக்கிறது. குளோரியா ஒரு டவலை எடுத்து மேலே போட்டாள். டவல் போட்ட பிறகு அங்கே என்னவோ இருக்கிறது என்று எல்லோருக்கும் இன்னும் நன்றாகத் தெரிந்தது.

யூஜின் ஃபிட்டர் அல்லவா? எந்தக் கோளாறுக்கும் அவரிடம் வழி இருக்கும். மறுநாள் குளோரியா காய்கறி வாங்கப் போயிருந்தபோது, கெட்டியாக டீ டிகாஷன் போட்டு, பழைய ஷேவிங் பிரஷ்ஷால் அந்தப் பச்சைச் சதுரத்தில் பூசிவிட்டார். மற்ற இடத்தோடு ஒன்றாகிவிடும் என்பது அவர் கணக்கு. குளோரியா பையோடு உள்ளே வந்தபோது அவர் இரண்டடி பின்னால் நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சதுரம் இப்போது துருப்பிடித்த தகரம் மாதிரி இருந்தது. ஓரத்தில் கருஞ்சிவப்பாக ஒரு வளையம்.

"காஞ்சா சரியாயிடும்," என்றார்.

காய்ந்தது. வளையம் இன்னும் தடித்தது. அதை எடுக்கிறேன் என்று குளோரியா சோப்புத் தூளைக் கரைத்து ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றித் தேய்த்தாள். துணி குடித்து, அதற்கு அடியிலிருந்த தேங்காய் நாரும் குடித்து, இரண்டு நாள் வீடு முழுக்க நனைந்த கயிற்று வாடை அடித்தது. யூஜின் எதுவும் சொல்லாமல் மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டு தன் ஓரத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். அவர் எதுவும் சொல்லாததுதான் குளோரியாவுக்கு எரிச்சலாக இருந்தது. போதாததற்கு, அந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டம் அவர்கள் வீட்டில் என்று சபையில் அறிவித்தும் விட்டார்கள்.

குளோரியா எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் கார்டில் இருந்த நம்பருக்கு போன் செய்தாள்.

ரவிக்குமார் வந்தான், பார்த்தான், பெருமூச்சு விட்டான். "மேடம், நான் வெச்சிட்டுப் போனது இது இல்ல."

"தெரியும்பா. நீ ஒரு தடவ அந்த மிஷின போட்டு விடு."

"ஒரு பார்ட்டிக்கு ஒரு டெமோதான் ஆன்ட்டி, கம்பெனி ரூல். புதுப் பார்ட்டி இருந்தா சொல்லுங்க, எத்தனை தடவ வேணா வரேன். டெமோ ஜாஸ்தி காட்டலேன்னா மேனேஜர் என்னை உயிரோட விடமாட்டாரு."

மேடம் ஆன்ட்டியாக மாறியதைக் குளோரியா கவனித்தாள். புதுப் பார்ட்டி என்ற சொல்லையும் கவனித்தாள்.

"டெமோ எங்க நடக்கணும்னு ரூல்ல இருக்கா?"

ரவிக்குமார் யோசித்தான். "அது இல்ல..."

"அப்ப செவ்வாக்கிழமை வா. பார்ட்டி ரெடியா இருக்கும்."

செவ்வாய்க்கிழமை ரூபினி மாடியிலிருந்து இறங்கி வந்தாள். அவள் வீட்டில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தவிர வேறு எதுவும் கிடையாது. ஆனாலும் நல்ல புடவை கட்டி, கைப்பை மாட்டிக்கொண்டு வந்து, "இது கரெண்ட் எவ்ளோ இழுக்கும்?" என்று கேட்டாள். அவள் கேட்டு முடிப்பதற்குள் டிகாஷன் வளையமும் நடு இருக்கையும் பச்சையாகிவிட்டன. வெள்ளிக்கிழமை சபையிலிருந்து இரண்டு சகோதரிகள் வந்தார்கள். இடது ஓரமும் முதுகுச் சாய்மானத்தில் பாதியும் பூத்தன. ரவிக்குமாருக்கு விஷயம் முதல் நாளே புரிந்துவிட்டது. அவன் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை. ஒவ்வொரு முறையும் பார்ட்டிக்கு மரியாதையாக வணக்கம் சொல்லிவிட்டு, "இன்னைக்கு எந்தப் பக்கம் ஆன்ட்டி?" என்று குளோரியாவிடம் மெதுவாகக் கேட்பான். தேக்குக் கைகளில் தேங்காயெண்ணெய் போட்டால் பிசுக்குப் பிடித்துத் தூசியை இழுக்கும் என்று சொன்னதும் அவன்தான். குளோரியா வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் துணியைப் பிழிந்து துடைத்தாள். கையில் வந்த கறுப்பைப் பார்த்து அவளே முகம் சுளித்தாள்.

மீதி இருந்தது சாய்மானத்தில் பாதியும் யூஜினுடைய ஓரமும். பார்ட்டிதான் தீர்ந்துவிட்டது. ஒரே ஒரு ஆள் பாக்கி, அது எதிர் வீட்டு ஜூடித்.

ஜூடித்தின் புருஷன் மஸ்கட்டில் இருந்தான். அவள் வீட்டில் இருப்பதெல்லாம் புதுசு. சோபாவும் புதுசு, அதுவும் மெரூன் ரெக்சின். "ரெக்சின்னா ஒரு துடை துடைச்சா முடிஞ்சிது. துணி சோபால்லாம் கலீஜுக்கா," என்று அவள் ஒரு முறை சொன்னதைக் குளோரியா மறக்கவில்லை. இருந்தாலும் வேறு வழி இல்லை. கூப்பிட்டாள்.

ஜூடித் வந்தாள். அன்றைக்கு யூஜின் தன் ஓரத்தை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்று பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரவிக்குமார் அவர் தலைக்குப் பக்கத்தில் சாய்மானத்தை மட்டும் சுத்தம் செய்துகொண்டிருந்தான். ஜூடித் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஆமா, பார்ட்டி நான்னா டெமோ எங்க வீட்லதானே நடக்கணும்?"

குளோரியா இதற்குப் பதில் தயாராக வைத்திருந்தாள். "உங்க வீட்ல அழுக்குன்னு ஒண்ணு இருந்தாத்தானே காட்ட முடியும்? நீ வெச்சிருக்கிற சுத்தத்துக்கு மிஷின் வந்து என்னா பண்ணும்?"

புகழ்ந்தால் ஜூடித் சும்மா இருந்துவிடுவாள் என்று அவள் நினைத்தாள். ஜூடித் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வீட்டின் ஒவ்வொரு மூலையையும் மனசுக்குள் ஒரு முறை பார்த்து வந்தவள் மாதிரி கண்ணைச் சுருக்கினாள்.

"தம்பி, ஒண்ணு குடு," என்றாள்.

ரவிக்குமாரின் கையிலிருந்த பிரஷ் நழுவிக் கீழே விழுந்தது. இந்த ஏரியாவில் அவன் விற்கும் முதல் மிஷின் அது. சாய்மானத்தை அவசர அவசரமாக முடித்து, பெட்டியைக் கட்டி, ஜூடித்தின் பின்னாலேயே தெருவைத் தாண்டிப் போனான். போகும்போது திரும்பி, "தேங்க்ஸ் ஆன்ட்டி, ரொம்ப தேங்க்ஸ்!" என்றான். அடுத்த வாரமே அவனை ஜெயநகர்ப் பக்கம் மாற்றிவிட்டார்கள்.

இப்போது சோபா முழுவதும் தோட்டம். ஜன்னல் ஓரத்தில் மட்டும், யூஜின் உருவத்துக்கு ஒரு காபிக் குளம்.

"எழுந்திருங்க, நான் கையாலயாச்சும் தேய்க்கிறேன்," என்றாள் குளோரியா.

"என் இடத்த தொடக் கூடாது. நான் உக்காந்து உக்காந்து சரி பண்ணது. நீ கழுவினா அந்தப் பள்ளம் போயிடும்."

"பாஸ்டர் ஐயா வந்து பாத்தா என்னா நினைப்பாரு?"

"நான் அழுக்குல வேலை செஞ்சிட்டு வரவன்னு நினைப்பாரு. உண்மைதானே?"

எதிர் வீட்டில் மிஷின் இருந்தது. தெருவைத் தாண்டிப் போய்க் கேட்டால் ஜூடித் தருவாள். ஆனால் கேட்பதற்குக் குளோரியாவின் கால் எழவில்லை. அங்கே ஜூடித்துக்கோ வேறு கஷ்டம். ரெக்சினில் உறிஞ்ச ஒன்றும் இல்லை. திரைச்சீலைகளை உறிஞ்சினாள், கால்மிதியை உறிஞ்சினாள், அட்டைப்பெட்டியில் கிடந்த கிறிஸ்துமஸ் குடில் வைக்கோலைக்கூட உறிஞ்சிக் குழாயை அடைத்துக்கொண்டாள். அவ்வளவு பணம் போட்ட மிஷின் ஷோகேஸ் பக்கத்தில் லேஸ் துணி போர்த்திக்கொண்டு நின்றது. எதிர் வீட்டு ஜன்னலில் அந்தக் காபிக் குளம் தெரியத் தெரிய அவளுக்குக் கை அரித்தது.

ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணிக்கு யூஜின் கூட்டத்துக்காக பேக்கரியில் வெஜிடபிள் பஃப் வாங்கக் கிளம்பினார். குளோரியா தைத்துக் கொடுத்த க்ரீம் கலர் பேன்ட் போட்டிருந்தார். அவர் தெருமுனை திரும்பியதும் இரண்டு வீட்டுக் கதவுகளும் ஒரே நேரத்தில் திறந்தன. ஜூடித்தின் கையில் மிஷின் இருந்தது.

"சும்னே இந்தப் பக்கம் வந்தேன்க்கா," என்றாள் ஜூடித்.

"நானும் சும்மாதான் வெளிய வந்தேன்," என்றாள் குளோரியா. "வா வா, சீக்கிரம்!"

இருவரும் உள்ளே ஓடினார்கள். ஜூடித் நுரையை அடித்தாள். ரவிக்குமார் அடித்ததைவிட மூன்று பங்கு அடித்தாள். குளோரியா ஒரே திசையில் பிரஷ்ஷை இழுத்தாள். நுரை சாம்பல் நிறமாகி, பிறகு கறுத்து, பள்ளத்தில் குளமாக நின்றது. "இப்ப பாருக்கா," என்று ஜூடித் சுவிட்சைத் தட்டினாள்.

மிஷின் சத்தம் போடவில்லை. மேலே ஃபேனும் மெதுவாகி நின்றது. கரெண்ட் போயிருந்தது.

"வந்துடும்," என்றாள் ஜூடித்.

வரவில்லை. துணியை வைத்து ஒற்றலாம் என்று குளோரியா பழைய துண்டைத் தேடி உள்ளே போனபோது வாசலில் "ஸ்தோத்திரம்!" என்ற குரல்கள் கேட்டன. சபையார் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள். ஜூடித் மிஷினை இழுத்துக்கொண்டு போய்ப் படுக்கையறைத் திரைக்குப் பின்னால் தள்ளினாள். குளோரியா திரும்பி வந்து பார்த்தபோது நுரை அடங்கி, பார்வைக்கு அந்த இடம் லேசாக ஈரமான துணி மாதிரிதான் இருந்தது. அவசரத்துக்கு ஒரு பாட்டுப் புத்தகத்தை எடுத்து அதன் மேல் வைத்தாள். யாரும் உட்கார மாட்டார்கள்.

வந்தவர்கள் பாயில் உட்கார்ந்தார்கள். பஃப் பொட்டலத்தோடு யூஜினும் வந்து சேர்ந்தார். தன் ஓரத்தைப் பார்த்தார், குளோரியாவைப் பார்த்தார். குளோரியா பாயில் இல்லாத தூசியைத் தட்டினாள். அவர் முகம் சிவந்தது. ஆனால் வீடு நிறைய ஆட்கள்.

கடைசியாக பாஸ்டர் தனக்கோடி வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை பேன்ட், இரண்டும் கஞ்சி போட்டு மொடமொடவென்று இருந்தன. சோபாவைப் பார்த்து நின்றுவிட்டார். "அடடா, புது சோபாவா சிஸ்டர்? பசும்புல் மாதிரி இருக்கே!" என்றார். ஜன்னல் காற்று வரும் ஓரமாகப் பார்த்து நடந்தார். பாட்டுப் புத்தகத்தைப் பக்தியோடு கையில் எடுத்துக்கொண்டு, உட்காருவதற்காகத் திரும்பினார்.

குளோரியா ஓரடி முன்னால் வைத்தாள். அதற்குள் யூஜின் பாய்ந்தார்.

"ஐயா! அது என் சீட்!"

சொல்லிக்கொண்டே பாஸ்டருக்கும் சோபாவுக்கும் நடுவில் புகுந்து தொப்பென்று உட்கார்ந்தார். தேவ ஊழியரிடம் இடத்துக்காகச் சண்டை போட்ட மனுஷனை அந்தச் சபை அதுவரை கண்டதில்லை. பாஸ்டர் திகைத்து, பிறகு பெருந்தன்மையாகச் சிரித்து, நடுவில் உட்கார்ந்தார். யூஜினின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறுவதைக் குளோரியா பார்த்தாள். குளிர்ச்சி எங்கெங்கே ஏறுகிறது என்று அவர் புருவத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். அவர் அவளை முறைத்தார். அவளுக்குச் சிரிப்பும் பயமும் ஒன்றாக வந்தன. கூடவே, இந்த மனுஷன் தன்னைக் காட்டிக்கொடுக்கவில்லையே என்றும் தோன்றியது.

பாட்டு ஆரம்பித்தது. எல்லோரும் எழுந்தார்கள். யூஜின் எழவில்லை. இரண்டாவது பாட்டுக்கும் எழவில்லை. சோப்பு மெல்ல எரிய ஆரம்பித்திருக்க வேண்டும், அவர் கண்ணில் தண்ணீர் கட்டியது. அதைப் பார்த்த சொர்ணம் சிஸ்டர் பக்கத்திலிருந்தவளிடம், "பாவம், உள்ளுக்குள்ள என்னமோ நடக்குது," என்றாள். பாஸ்டரும் கண்டுகொண்டார். ஜெபத்தில் குரலைத் தாழ்த்தி, "எங்கள் சகோதரன் யூஜின் எழுந்திருக்க முடியாதபடி ஏதோ ஒன்று அவரை அழுத்திக்கொண்டிருக்கிறது, ஆண்டவரே. அவரை எழுப்பும்," என்றார்.

அந்த நிமிஷம் கரெண்ட் வந்தது.

ஜூடித் சுவிட்சை அணைக்கவும் வயரைப் பிடுங்கவும் மறந்திருந்தாள். திரைக்குப் பின்னால் மிஷின் உறுமிக்கொண்டு எழுந்தது. திரையை அப்படியே உள்ளுக்கு இழுத்து விழுங்கி, மூச்சு முட்டி, இன்னும் பயங்கரமாக ஓலமிட்டது. சொர்ணம் சிஸ்டர் "ஐயோ!" என்று கத்திப் பாய்மேல் ஏறி நின்றாள். யூஜின் துள்ளி எழுந்து, மிஷினை அணைக்கப் படுக்கையறைக்கு ஓடினார். ஓடியவரின் முதுகுப்புறத்தைச் சபை முழுவதும் பார்த்தது.

க்ரீம் பேன்ட்டின் பின்பக்கம் காபி நிறமாக இருந்தது. அவர் உட்கார்ந்திருந்த இடம் பச்சையாக, மஞ்சள் பூக்களோடு ஈரத்தில் பளபளத்தது.

முதலில் சிரித்தது பாஸ்டர்தான். தன் வெள்ளை பேன்ட்டைக் குனிந்து பார்த்தார், சோபாவைப் பார்த்தார், புரிந்துகொண்டார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பிரதர், என் அழுக்க நீங்க வாங்கிக்கிட்டீங்க!" என்றார். பிறகு கூடமே சிரித்தது. திரும்பி வந்த யூஜின் கொஞ்ச நேரம் முறைப்பாகத்தான் நின்றார். பஃப் ஆறுகிறது என்று யாரோ சொன்னதும் அவரும் சிரித்துவிட்டார். கிளம்பும்போது பாஸ்டர் ஜூடித்தைத் தனியாகக் கூப்பிட்டு, தன் வீட்டு சோபாவும் துணிதான் என்று மெதுவாகச் சொன்னார். ஜூடித்தின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

மறுநாள் நல்ல வெயில். யூஜினுக்கு இரண்டாவது ஷிஃப்ட். ஜூடித்தும் வர, மூன்று பேருமாகச் சேர்ந்து சோபாவைத் தூக்கி வந்து முற்றத்தில் போட்டார்கள். உச்சி வெயில் பட்டால் கலர் வெளுத்துவிடும், தேக்கும் வெடிக்கும் என்று யூஜினே வேப்பமர நிழல் எட்டும் இடமாகப் பார்த்துத் திருப்பி வைத்தார். குனிந்து தன் ஓரத்தை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார்.

"பள்ளம் அப்படியே இருக்கு," என்றார்.

"நான் சொன்னேன்ல," என்றாள் குளோரியா. அவள் சொல்லவே இல்லை. யூஜினும் அதைக் கேட்கவில்லை.

வேலிப் பக்கமாகப் போனவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள். பால்காரர், "ஒசதா அம்மா, புதுசா?" என்று கேட்டார். "இல்லப்பா, பழசுதான்," என்றார் யூஜின் பெருமையாக. குளோரியா மூன்று டம்ளரில் டீ கொண்டுவந்தாள். யூஜின் டம்ளரை வாங்கிக்கொண்டு வழக்கம்போல் தன் ஓரத்தில் உட்காரப் போனார்.

"டீயோடவா? எழுந்திருங்க!" என்று இரண்டு பெண்களும் ஒரே குரலில் கத்தினார்கள்.

சோபா காலியாக நிழலில் காய்ந்தது. அதைச் சுற்றி மூன்று பேரும் நின்றுகொண்டே டீ குடித்தார்கள்.